பதினோரு கோடு

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் கனகாவைத் தெரியாதவர்கள் குறைவு. பெரிய ஆள் என்பதால் அல்ல. இருபத்தொரு மாதமாகப் புருஷன் எங்கே இருக்கிறான், இருக்கிறானா என்பதே தெரியாத பெண் என்பதால். ஒருத்தியை ஊர் நினைவில் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல காரணம் வேண்டுமா என்ன? காலையில் அவள் வேலைக்கு நடந்து போகும்போது டீக்கடையில் நிற்பவர்கள் முதலில் அவள் நெற்றியைத்தான் பார்ப்பார்கள், பொட்டு இருக்கிறதா என்று. இருக்கும். முன்பைவிடப் பெரிதாகவே இருக்கும். அதை வீம்பு என்றார்கள் சிலர். வீம்புதான். அதையும் விட்டுவிட்டால் அவளிடம் வேறு என்ன மிச்சம் இருந்தது?

அவள் பிறந்தது கருவேப்பிலங்குறிச்சியில். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், நிறையக் கோபம். பிளஸ் டூவில் கணக்கில் கோட்டைவிட்டதும் பேட்டைக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார். அகல்விளக்கு, ஃபியூஸ் கேரியர், கொலு பொம்மை என்று கிடைத்ததையெல்லாம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனி அது. அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மைகளின் ஓரத்தைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது கனகாவின் வேலை. பத்தொன்பது வயதில் போய் உட்கார்ந்த மணையில்தான் முப்பத்துநாலு வயதிலும் உட்கார்ந்திருந்தாள்.

அறிவழகன் அதே கம்பெனியில் அச்சுக்காரன். இடதுகைக்காரன், பேச்சு குறைவு. சாயங்காலத்தில் கனகா பேட்டை வாசலில் பஸ்ஸுக்கு நிற்பாள். ஒரு கை இடுப்பில் இருக்கும், இன்னொரு கை நெற்றிக்கு மேல் வெயிலை மறைக்கும், தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அதைப் பார்த்துப் பார்த்தே அவன் களிமண்ணில் ஒன்பது அங்குலத்துக்கு ஒரு பொம்மை பிடித்துவிட்டான். கொலுவுக்கு நன்றாகப் போகும் என்று முதலாளி சந்தோஷப்பட்டார். அது யார் என்று பேட்டை முழுக்கத் தெரிந்துபோயிற்று. அதற்கப்புறம் இரண்டு வீட்டாரும் கல்யாணம் செய்துவைக்காமல் வேறு என்ன செய்ய முடியும்?

செராமிக் வேலை தெரியாதவர்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சூளையில் வெந்து வருகிற பொம்மை, மண்ணாக இருந்தபோது இருந்த அளவு இருக்காது. எட்டில் ஒரு பங்கு சுருங்கிவிடும். வெந்த பொம்மையை வைத்தே மறுபடி அச்சு எடுத்தால் அடுத்தது அதைவிடச் சிறியதாக வரும். அதிலிருந்து எடுத்தால் இன்னும் சிறியது. கொலுப்படிக்கு அளவு அளவாகப் பொம்மை வேண்டுமென்றால் புதிதாகப் பிடிக்க வேண்டியதில்லை, சூளையே சுருக்கிக் கொடுத்துவிடும். எத்தனையாவது தடவை என்பது குழம்பிப்போகாமல் இருக்க அறிவழகன் ஒரு வழக்கம் வைத்திருந்தான். ஒவ்வொரு முறை அச்சு எடுக்கும்போதும் பொம்மையின் அடியில் ஊசியால் ஒரு கோடு கூடுதலாகக் கீறுவான். இடதுகையால் கீறுவதால் கோடு சாய்ந்துதான் விழும். பேட்டையில் வேறு யாருக்கும் இந்தப் பழக்கம் கிடையாது. அவர்கள் மனதில் வைத்துக்கொள்வார்கள், பிறகு மறந்துவிட்டு இவனிடம் வந்து கேட்பார்கள். கனகா பொம்மை மூன்று கோடு வரைக்கும் போயிருந்தது.

2004 சித்திரையில் ஒருநாள், சென்னையில் ஒரு கடைக்காரர் மாதிரி பார்க்கக் கேட்டிருக்கிறார் என்று இரண்டு அச்சையும் அந்த மூன்று கோட்டுப் பொம்மையையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான். மகள் கயல்விழிக்கு அப்போது எட்டு வயது. ஸ்கெட்ச் பேனா வாங்கி வரச் சொன்னாள். போயிட்டு வரேன் என்றான், போனான், வரவில்லை. சண்டை இல்லை, குடி இல்லை. கொஞ்ச நாளாக ஒரு வறட்டு இருமல் மட்டும் இருந்தது. தேடிப் போனபோது அந்தக் கடைக்காரர் அப்படி ஒருவர் வரவே இல்லை என்றார். ஒரு சண்டையாவது போட்டிருக்கலாமே என்று கனகா பல நாள் நினைத்திருக்கிறாள். அழுவதற்கு ஒரு காரணமாவது கையில் இருந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்து, ஆனியில், ரயிலில் அடிபட்டுக் கிடந்த ஒருவனின் போட்டோவைப் போலீஸ்காரர்கள் காட்டினார்கள். பார்த்துவிட்டு வந்தது அறிவழகனின் தம்பி கொளஞ்சி. முகம் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. நீலக் கட்டம் போட்ட சட்டை மட்டும் தெரிந்தது. அண்ணன்தான் என்று வந்து சொல்லிவிட்டான். நீலக் கட்டச் சட்டை அந்த வருஷம் மாவட்டத்தில் பாதிப் பேரிடம் இருந்தது. கொளஞ்சியே ஒன்று வைத்திருந்தான். கனகா அதைச் சொல்லிக்காட்டவும் தவறவில்லை.

கொளஞ்சி கெட்டவன் இல்லை. ஒன்றரை வருஷம் அப்படியே போயிற்று, அதற்குள் அம்மா சொர்ணாம்பாள் படுத்த படுக்கையாகிவிட்டாள். மூத்தவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டால் அவள் நிம்மதியாகக் கண்ணை மூடுவாள் என்று நினைத்தான். ஐயரிடம் போனால் அவர் செத்த திதியைக் கேட்டார். அடிபட்டது என்றைக்கு, உடல் கிடைத்தது என்றைக்கு என்று யாருக்கும் நிச்சயமில்லை. திதி தெரியாமல் போனவர்களுக்கு அமாவாசையில் செய்யலாம், வருகிற தை அமாவாசையிலேயே செய்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மணிமுத்தாற்றங்கரையில் காரியம். அன்றைக்கு முதல் கனகாவுக்குப் பொட்டு இல்லை, பூ இல்லை, வளையல் இல்லை. தாலியையும் கழற்றிவிடுவார்கள்.

“உயிரோட இருக்கறவங்களுக்கு நான் ஏன் வளையல ஒடச்சிக்கணும்?” என்று மார்கழி முழுவதும் கனகா கேட்டுக்கொண்டிருந்தாள். புருஷனை அவன், இவன் என்றெல்லாம் அவள் சொல்ல மாட்டாள், அவர் என்றும் சொல்ல மாட்டாள். எப்போதும் ‘அவங்க’தான். அந்தப் பக்கத்துப் பெண்கள் பலரும் அப்படித்தான். கொளஞ்சி காரியத்துக்கான ஏற்பாட்டை நிறுத்தவில்லை. தை பிறந்தது.

காணும் பொங்கலுக்குக் கம்பெனியின் சூளைக்காரர், பாவாடை என்று பேர், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போயிருந்தார். எழும்பூர் பக்கம் ஒரு பெரிய மண்டபத்தில் பொம்மை ரயில் கண்காட்சி நடக்கிறது என்று யாரோ சொல்ல, அங்கேயும் போயிருக்கிறார். திரும்பி வந்த பிறகு மூன்று நாள் கம்பெனியில் வேறு பேச்சே இல்லை. நம் ஜங்ஷனையே அப்படியே செய்து வைத்திருக்கிறார்கள், நிலக்கரி வண்டிகூடப் போகிறது, பிளாட்பாரத்தில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். வாசல் கடையில் சின்ன மகள் அடம்பிடித்து வாங்கிய பொம்மை ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கனகாவின் முன்னால் இருந்த பலகைமேல் வைத்தார்.

“பாரு தங்கச்சி. நம்ம வேல மாதிரியே இருக்குது. எவன் செஞ்சானோ.”

கட்டைவிரல் உயரம். ஒரு பெண், சிவப்புச் சேலை. கண், மூக்கு எல்லாம் சுருங்கிச் சுருங்கி மழுங்கிப்போய் முகம் என்பதே இல்லை. ஆனால் ஒரு கை இடுப்பில் இருந்தது. ஒரு கை நெற்றிக்கு மேல் இருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கனகா அதைத் தலைகீழாகத் திருப்பினாள். அடியில் மயிரிழை மயிரிழையாகக் கோடுகள். பழையவை மங்கலாகவும் புதியவை தெளிவாகவும் இருந்தன. ஊசி முனையை வைத்து எண்ணினாள். பதினொன்று. மறுபடி எண்ணினாள். பதினொன்றுதான்.

கணக்கில் கோட்டைவிட்டவள் அன்றைக்குப் போட்ட கணக்கில் தப்பே இல்லை. வீட்டை விட்டுப் போனபோது மூன்று கோடு. இப்போது பதினொன்று. அச்சு எடுத்து, அது காய்ந்து, அதில் வார்த்து, பொம்மை வெந்து வர ஒரு மாதமாவது ஆகும். எட்டுக் கோட்டுக்கு எட்டு மாதம். ரயிலில் அடிபட்டவனோ இரண்டாம் மாதமே செத்துவிட்டான். செத்தவன் அச்சு எடுப்பானா?

சாயங்காலமே கொளஞ்சியைக் கூப்பிட்டுப் பொம்மையைக் கையில் கொடுத்தாள். அவன் அதை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். யாராவது அண்ணன் செய்த பொம்மையை வாங்கி, அதைப் பார்த்து அச்சு எடுத்திருப்பார்கள் என்றான். அப்படி எடுத்தால் இருக்கிற கோடுதான் அச்சில் வரும், புதிதாக எதற்குக் கோடு கீறுவார்கள், அது என்ன என்றுகூட அவர்களுக்குத் தெரியாதே என்று கனகா கேட்டாள். அவன் பொம்மையை அவளிடமே திருப்பிக் கொடுத்தான். படுக்கையில் கிடந்த சொர்ணாம்பாள் மருமகள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் கனகா அந்த வார்த்தையை விட்டாள்.

“ஞாயித்துக்கெழம கடைசி நாளாம். போயி பாத்துட்டு வரேன் தம்பி. ஆளு இல்லன்னா நீங்க சொல்றபடியே அமாவாசைக்கு ஒக்காந்துடறேன். அப்பறம் ஒரு பேச்சு பேச மாட்டேன்.”

அமாவாசை அதற்கு அடுத்த ஞாயிறு.

காலை ரயிலில் எழும்பூர் போய் இறங்கி, விசாரித்து விசாரித்து மண்டபத்தைக் கண்டுபிடிக்கும்போது மணி பதினொன்றரை. வெளியே தெருமுனை வரைக்கும் கூட்டம். உள்ளே போனதும் ஒரு நிமிஷம் அவளுக்கு எதற்கு வந்தோம் என்பதே மறந்துவிட்டது. கல்யாணப் பந்தி போடுகிற அத்தனை பெரிய கூடம் முழுக்க மேஜை மேல் மேஜையாக இணைத்து, இடுப்பு உயரத்தில் ஒரு ஊரே ஓடிக்கொண்டிருந்தது. அட்டை மலை, அதில் குடைந்த சுரங்கம், கடல் மேல் பாலம், கைவிரல் நீளத்தில் கைகாட்டி மரம். பத்துப் பன்னிரண்டு ரயில்கள் ஒன்றையொன்று இடிக்காமல் வளைந்து வளைந்து போயின. பெரிய பெரிய மனிதர்கள், தலை நரைத்தவர்கள், சின்ன எஞ்சினுக்குக் குனிந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்கள். இதற்கென்று லீவு போட்டுவிட்டு வந்திருப்பார்கள் போலிருக்கிறது. கனகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை சின்ன விஷயத்தில் இத்தனை கவனம் வைக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் இருக்கும்போது, ஒரு முழு ஆள் எப்படித் தொலைந்துபோகிறான் என்றுதான் இருந்தது.

கூட்டத்தைக் கயிறு கட்டி ஒரே வரிசையாக நகர்த்தினார்கள். எங்கேயும் நிற்க விடவில்லை. ஏழாவதோ எட்டாவதோ மேஜையில் மஞ்சள் பலகை தெரிந்தது, விருத்தாசலம் சந்திப்பு என்று. பாவாடை சொன்னது பொய்யில்லை. நடைமேம்பாலம், தண்ணீர்த் தொட்டி, சேலம் வண்டி நிற்கிற ஓரத்துப் பிளாட்பாரம் எல்லாம் இருந்தன. பிளாட்பாரம் நெடுக ஆட்கள் நின்றார்கள். ஆண்கள் வேறு எங்கோ வாங்கிய பிளாஸ்டிக் பொம்மைகள், கோட்டு சூட்டு போட்டவர்கள். பெண்கள் அத்தனை பேரும் பீங்கான். நாற்பது பேர் இருப்பார்கள். பச்சைச் சேலை, மஞ்சள் சேலை, ஊதாச் சேலை என்று வர்ணம்தான் மாறியதே தவிர, நாற்பது பேரும் ஒரு கையை இடுப்பில் வைத்து ஒரு கையால் வெயிலை மறைத்து ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்று நிமிஷத்துக்கு ஒரு ரயில் வந்து நின்று போயிற்று. ஒருத்தியும் ஏறவில்லை.

“எல்லாம் ஒரே பொம்பள மாதிரி இருக்குது பாரு,” என்று பின்னால் யாரோ சிரித்தார்கள். நகருங்கம்மா, நகருங்க என்று பேட்ஜ் குத்திய ஒரு பையன் விரட்டினான். கனகா நகர்ந்தாள். வெளியே தள்ளப்பட்டதும் மறுபடி டிக்கெட் எடுத்து உள்ளே வந்தாள். அப்படி நான்கு முறை வந்தாள். நான்காவது முறை மேஜைக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவரே அவளைக் கவனித்து, என்னம்மா வேண்டும் என்று கயிற்றைத் தூக்கி உள்ளே விட்டார்.

அவர் பெயர் ஆனந்தராஜ். பாண்டிச்சேரியில் பாங்கி அதிகாரி. அவருடைய அப்பா ஒரு காலத்தில் விருத்தாசலத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தாராம். சின்ன வயதில் பார்த்த ஜங்ஷனை ஆறு வருஷமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். கனகா அந்த ஊர் என்று தெரிந்ததும் அவருக்குக் கொள்ளை சந்தோஷம். தண்ணீர்த் தொட்டி சரியான இடத்தில் இருக்கிறதா, கேபின் ஜன்னல் பச்சையா நீலமா என்று கேட்டுத் துளைத்துவிட்டார். எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, இந்தப் பொம்மைகளைச் செய்தது யார் என்று அவள் கேட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இரண்டாவது முறை கேட்க வேண்டியிருந்தது.

“இதுங்களா? தாம்பரம் தாண்டி ஒரு சின்ன எடத்துல செய்யறாங்க. அச்செல்லாம் அவங்களே எடுக்கறது. அவங்களுக்கும் உங்க பக்கந்தான் ஏதோ தொடர்புன்னு சொன்னதா ஞாபகம். இன்னிக்கு அஞ்சு மணிக்கு வருவாங்க, இரவல் குடுத்ததையும் விக்காததையும் எடுத்துட்டுப் போக. இருந்து பாத்துட்டுப் போங்களேன்.”

அவங்க. அவங்களே அச்சு எடுக்கிறது. அவங்க அஞ்சு மணிக்கு வருவாங்க.

ஆனந்தராஜ் மரியாதைக்காரர். டீ கொண்டுவருகிறவரைக்கூட அவங்க என்றுதான் சொல்வார். கனகாவின் காதில் அந்தச் சொல்லுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. பெயரைக் கேட்டிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. கேட்டால் எங்கே வேறு பெயர் வந்துவிடுமோ என்று பயந்துவிட்டாள், அதுதான் உண்மை.

ஐந்து மணிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. கொண்டுபோன புளிச்சோற்றைப் பிரிக்கவே இல்லை. குழாயடியில் முகம் கழுவி, அழிந்திருந்த பொட்டைத் திருத்தி, தலையை வாரிக்கொண்டாள். என்ன பேசுவது என்று யோசித்தாள். திட்டக் கூடாது என்று முதலில் முடிவு செய்தாள். ஏன் என்றும் கேட்கக் கூடாது. கயல் அஞ்சாவது போயிட்டா என்று மட்டும் சொல்லலாம். அத்தை படுக்கையில் இருக்கிறாள், வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போங்கள், அப்புறம் எங்கே வேண்டுமானாலும் போங்கள் என்று சொல்லலாம். பிறகு அதுவும் வேண்டாம், எதுவுமே பேசாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரயில் ஏறிவிட வேண்டும் என்று தோன்றியது. வாசல் பக்கம் இடதுகையில் பை பிடித்து வந்த ஒவ்வொரு ஆணையும் பார்த்தாள். இருமல் சத்தம் கேட்டால் எழுந்து நின்றாள். ஒருவரைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டுக் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி, தோளைத் தொட்டே விட்டாள். அவர் திரும்பிப் பார்த்துப் பயந்துபோனார். கடவுளே, இந்த ஒரு தடவை, இந்த ஒரே ஒரு தடவை என்று வாய் தானாக முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

ஐந்தேகாலுக்கு ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கழுத்தில் சிலுவை, கையில் வைக்கோல் போட்ட அட்டைப் பெட்டி. ஆனந்தராஜ் எழுந்து, வாங்க வாங்க என்று சொல்லிவிட்டு, கனகாவைக் கைகாட்டி, இவங்க விருத்தாசலம், உங்களப் பாக்கத்தான் மத்தியானத்துலேருந்து காத்திருக்காங்க என்றார். கனகா அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள்.

“அவங்க பின்னாடி வராங்களா?”

“யாருக்கா?”

“அச்சுக்காரங்க.”

“நாந்தாங்க்கா அது,” என்றாள் அந்தப் பெண். “ரீட்டா.”

கனகா கையிலிருந்த பொம்மையைத் திருப்பி நீட்டினாள். இந்தக் கோடு யார் கீறியது என்று கேட்டாள். அதைக் கேட்டதும் ரீட்டாவின் முகம் மாறிவிட்டது. இதைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லையாம். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கனகாவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“கடைசி மூணுதாங்க்கா நான் போட்டது. மித்ததெல்லாம் அவரு. ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு கோடு போட மறந்துடாத ரீட்டா, இல்லன்னா எத்தனாவதுன்னு தெரியாமப் போயிடும்பாரு. அவரு போன பிற்பாடும் அந்தப் பழக்கத்த வுடல.”

கனகா பார்த்தாள். எட்டுக் கோடு இடதுபக்கம் சாய்ந்திருந்தது. மூன்று நேராக நின்றது. பேட்டையில் பார்த்த அன்றைக்கே அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டிய விஷயம். பதின்மூன்று வருஷம் அவன் கோடு பார்த்தவள். எண்ணிக்கையை மட்டும்தான் பார்த்தாள். எண்ணிக்கைதானே அவளுக்கு வேண்டியிருந்தது.

எங்கே போனார் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் ரீட்டா தானாகச் சொல்லிக்கொண்டு போனாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வெகுநாள் காத்திருந்தவள் மாதிரி சொன்னாள். அவர் அந்தச் சின்ன சூளைக்கு வேலை கேட்டு வந்தாராம். ரீட்டா அங்கே பொம்மைக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். நாலு மாதத்தில் அவள் வீட்டிலேயே தங்கிவிட்டார். கோயிலில் வைத்துக் கல்யாணம் செய்துகொள்வதாகவும் இருந்தது. அதற்குள் இருமல் அதிகமாகி, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் நெஞ்சு முழுக்க மண் தூசி என்று சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் ஆறு மாதம்தான்.

“போன செப்டம்பர் எட்டு. மாதா பொறந்தநாளு. விடிகாலைல போயிட்டாரு.”

கனகாவுக்கு நாள்காட்டி தேவைப்படவில்லை. அதற்கு முந்தின நாள் பிள்ளையார் சதுர்த்தி. வழக்கம்போல் அவன் பங்குக்கு நான்கு கொழுக்கட்டையை எடுத்து மூடிவைத்திருந்தாள், ஒருவேளை வந்தால் என்று. மறுநாள் காலையில் அது ஊசிப்போவதற்குள் அவளே தின்றாள். அந்தக் காலைதான். ஆவணி, வளர்பிறைப் பஞ்சமி.

“நீங்க அவருக்கு என்னாக்கா வேணும்?”

“ஒரே ஊரு,” என்றாள் கனகா.

ரீட்டாவின் முகம் மலர்ந்தது. அப்படியென்றால் அவருடைய சம்சாரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்களே என்று கேட்டாள். இந்தப் பொம்மை அவர்கள்தானாமே, இப்படித்தான் நிற்பார்களாமே. பார்த்திருக்கிறேன் என்றாள் கனகா.

“பாவம். மொத பிரசவத்துலயே போயிட்டாங்கன்னு சொன்னாரு. கொழந்தையும் தங்கலியாம். அதனாலதான் ஊரே வாணாம்னு வந்துட்டேன்னாரு. கல்லறத் திருநாளுக்கு அவருக்குப் பூச வெச்சேன் பாருங்க, அந்தக்காவுக்கும் சேத்துத்தான் வெச்சேன். அறிவழகன், கனகா, ஒரு பேரில்லாத கொழந்தைன்னு ஃபாதரு வாசிச்சாரு. அவங்களுக்கு வேற யாரு இருக்கா?”

கனகாவுக்குத் தான் செத்துப்போனதுகூடப் பெரிதாகப் படவில்லை. ஓடிப்போகிறவன் எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டும், பெண்டாட்டி செத்துவிட்டாள் என்பதும் அவனுக்கு ஒரு வழி. ஆனால் கயல்விழி? ஸ்கெட்ச் பேனா கேட்டு வாசல் வரை ஓடிவந்தவள், இன்றைக்கும் சாயங்காலம் கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டால் புத்தகத்தை மூடிவிட்டு எட்டிப் பார்க்கிறவள், அவள் பிறக்கவே இல்லையா? பேர்கூட இல்லையா அவளுக்கு? அடப்பாவி என்று வாய் வரை வந்துவிட்டது. எழுந்து நின்று, நான்தான் அந்தக் கனகா, உயிரோடு நிற்கிறேன் பார், என் மகள் அஞ்சாவது படிக்கிறாள் என்று அந்தக் கூடமே கேட்கிற மாதிரி கத்த வேண்டும்போல் இருந்தது. எதிரில் ரீட்டா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முன்பின் பார்க்காத ஒருத்திக்காகக் கோயிலில் பூசை வைத்தவள். இவளிடம் என்னவென்று கத்துவது?

“ஆமாம்மா,” என்றாள். “அப்பிடித்தான் போயிட்டாங்க.”

மேஜைமேல் இருந்த பெண்களை ரீட்டா ஒவ்வொன்றாக எடுத்து வைக்கோலில் வைத்தாள். ஊருக்குக் கொண்டுபோங்கள் என்று ஒன்றை எடுத்து நீட்டினாள். கனகா வேண்டாம் என்றாள். கையில் இருந்ததையும் பெட்டியிலேயே போட்டுவிட்டாள். பாவாடையின் மகளுக்கு என்ன சொல்வது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

திரும்புகிற ரயிலில் செங்கல்பட்டு வரைக்கும் அழுதாள். எதிர் சீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அதற்கப்புறம் அழுகை வரவில்லை, விழுப்புரம் தாண்டியும் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலையில் கொளஞ்சி வந்தான். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான், உள்ளே வரத் தயங்கிக்கொண்டு. சொர்ணாம்பாள் கட்டிலில் கிடந்தபடியே தலையை மட்டும் தூக்கினாள். கயல்விழி பின்னல் போட்டுக்கொள்ளச் சீப்போடு அம்மாவின் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள்.

“அவங்க இல்ல தம்பி,” என்றாள் கனகா, மகளின் தலையை வாரிக்கொண்டே. “யாரோ பொம்மைய பாத்து அச்சு எடுத்துருக்காங்க. நீங்க சொன்னதுதான் சரி.”

சொர்ணாம்பாள் தலையைச் சாய்த்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். ரயிலில் வீட்டுக்குத் திரும்பி வரும்போது அடிபட்டுச் செத்தான் மகன் என்பது அவள் முடிவாக நம்பிக்கொண்ட சாவு. வீட்டுக்கு வரும்போது. அதைப் பிடுங்கிவிட்டு அந்தக் கிழவிக்கு வேறு எதைக் கொடுக்க முடியும்? கயல்விழி திரும்பிப் பார்க்கவில்லை. அவள் தோள் மட்டும் ஒருமுறை குலுங்கி நின்றது. கனகா பின்னலை இறுக்கினாள்.

கொளஞ்சிக்குத் தான் சொன்னது பலித்துவிட்டதில் ஒரு சந்தோஷமும் இல்லை. இன்றைக்கு ஐயரைப் பார்க்கப் போக வேண்டும் என்றான். அவர் நேற்றும் கேட்டாராம். செத்த நாள் எப்படியாவது தெரிந்துவிட்டால் அந்தத் திதியிலேயே வருஷா வருஷம் செய்யலாம், அதுதான் போனவருக்குச் சேரும், அமாவாசை என்பது வேறு வழியில்லாதவர்களுக்கு என்று சொன்னாராம்.

“போலீசுகிட்ட ஏதாவது தேதி எழுதியிருப்பாங்களா அண்ணி? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

ஆவணி, வளர்பிறைப் பஞ்சமி. நாக்கு நுனியில்தான் இருந்தது. சொன்னால் எங்கே, எப்படி, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று கேட்பார்கள். பதினேழு மாதம் அப்பா என்ன செய்துகொண்டிருந்தார் என்று இந்தப் பின்னல் தலை ஒருநாள் கேட்கும். இதெல்லாம் உண்மை. ஆனால் இவ்வளவும் நல்ல மனசு என்று சொன்னால் அது பொய். தன்னையும் மகளையும் தேதி இல்லாமல் சாகடித்தவனுக்கு அவள் மட்டும் எதற்குத் தேதி எடுத்துக் கொடுக்க வேண்டும்?

“தெரியல தம்பி,” என்றாள். “நாளு தெரியாதவங்களுக்குத்தான அமாவாசை. அதுலயே வெச்சிடுங்க.”